அந்தப் பவுடர் வேலை செய்யுதா இல்லையா? ஐசிஎம்ஆருக்கும் நம்ம சுகாதாரத் துறைக்கும் ஒரு மெடிக்கல் ஷாப்காரனோட திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்ல இருக்கற பெரியவங்களுக்கும் தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிங்களுக்கும் வணக்கம்.

நான் டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர்ல பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்ல மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன். டி.ஃபார்ம் படிச்சிருக்கேன், டாக்டர் கிடையாது. 14 வருஷம் குடிச்சேன், நிறுத்தி 6 வருஷம் ஆகுது. இந்த மடல எழுதறதுக்கு இது ரெண்டும் போதும்னு நினைக்கிறேன், ஏன்னா கவுண்ட்டருக்கு உள்பக்கமும் நின்னிருக்கேன், கை நடுக்கத்தோட வெளிப்பக்கமும் நின்னிருக்கேன்.

போன மாசம் ஒரு அக்கா வந்தாங்க. கூட்டம் கொறையற வரைக்கும் ஓரமா ஐஸ்கிரீம் பெட்டிகிட்ட நின்னுட்டு, அப்பறமா மஞ்சப்பையிலேருந்து நியூஸ்பேப்பர்ல சுத்துன ஒரு டப்பாவ எடுத்து வெச்சு, "தம்பி இதக் கொஞ்சம் படிச்சு சொல்லுங்களேன், நெசமாவே குடிய மறக்கடிக்குமா"ன்னு கேட்டாங்க. கூரியர்ல வந்தது, 1,850 ரூபா. வெளிய சிரிச்ச மூஞ்சியா ஒரு குடும்பத்து ஃபோட்டோ, 100 சதவீதம் மூலிகைன்னு பச்சைக் கலர்ல. உள்ள என்ன சேத்திருக்குன்னு ஒரு வரி இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, செஞ்சவன் அட்ரஸ் இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் தெளிவா போட்டிருந்தான், அவருக்குத் தெரியாம சாம்பார்லயோ டீயிலயோ கலந்து குடுக்கணுமாம், 21 நாள் கணக்காம்.

நான் பயந்துட்டேன். காரணம் உங்களுக்கே தெரியும், டைசல்ஃபிரம் மாதிரி மாத்திரைய ஆளுக்குத் தெரியாம சாப்பாட்டுல போட்டுட்டு அவரு போயி ஒரு குவார்ட்டர் உள்ள விட்டாருன்னா மூஞ்சி செவந்து வாந்தி வந்து பிரஷர் எறங்கி ஆளே போயிடலாம், டாக்டர் பாத்து, அந்த ஆளும் சரின்னு சொல்லி, கையில சீட்டோட எடுக்க வேண்டிய மாத்திரை அது. இந்த டப்பால அதுதான் இருக்குன்னு நான் சொல்லல, என்ன இருக்குன்னே தெரியாத ஒண்ண சாம்பார்ல போடாதீங்கக்கான்னு சொன்னேன். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நால்ட்ரெக்ஸோன் இருக்கு, அகாம்ப்ரோசேட் இருக்கு, சோதிச்சுப் பாத்த மாத்திரைங்கன்னு சொன்னேன். அவங்க என்னையே பாத்துட்டு, "அவரு அந்த மனநல வார்டு பக்கம் வெட்டிப் போட்டாலும் வரமாட்டாரு தம்பி, சத்து மாத்திரை, சத்து மாவுன்னா வாய்ல போட்டுக்குவாரு. அதுல எதத்தான் குடுக்கறது?"ன்னாங்க.

இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருக்கான்னு கேக்கத்தான் இந்த மடல்.

அந்த அக்கா ஒருத்தங்க பிரச்சனைன்னு நினைச்சுடாதீங்க. 2019ல மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்துன சர்வே இருக்கே, அதுல குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கெடைக்குதுன்னு வந்துச்சு, ஆஸ்பத்திரில படுத்து சிகிச்சை எடுக்கறது 180 பேர்ல ஒருத்தர். மிச்சப்பேரு எங்க போறாங்கன்னு நெனைக்கறீங்க? கோயில்ல கயிறு கட்றாங்க, கூரியர்ல டப்பா வாங்கறாங்க, என் கடைக்கு வந்து பெகோசூல்ஸ்னு பி வைட்டமின் மாத்திரை இருக்கான்னு கேக்கறாங்க. சத்துங்கற வார்த்தைல மானக்கேடு இல்ல, அதான் விஷயம், நோயாளின்னு ஒத்துக்காமலே முழுங்கிக்கலாம். அப்படி முழுங்கறது உள்ள போயி வேலை செய்யுதான்னு சோதிச்சு சொல்ல வேண்டியது யாரு?

நானே ஒரு சோதனை பண்ணேன். சிரிக்காம படிங்க.

நிறுத்தி நாலாவது மாசம் எனக்கு சாயங்காலம் ஆறரை மணின்னா எமகண்டம். கடைல ட்யூப்லைட்ட போட்டதும் ஆரம்பிச்சுடும், நாக்கு நமநமங்கும், கை எதையாவது தேடும், டீ குடிக்கறேன்னு எந்திரிச்சா கால் தானா அந்தக் கடைப்பக்கம் திரும்பும். அப்பதான் எங்கயோ படிச்சேன், குளூட்டமின்னு ஒரு அமினோ ஆசிட், அத எடுத்தா குடி ஆசை அடங்கும்னு. ஜிம் பசங்களுக்காக வாங்கி அடுக்கி வெச்சிருந்த டப்பா கண்ணு முன்னாடியே இருக்கு. தெனம் 5 மணிக்கு 5 கிராம் எடுத்து ஒரு சொம்பு மோர்ல கலக்கிக் குடிச்சேன். சத்தியமா சொல்றேன், மூணாவது நாளே பாதி ஆசை போன மாதிரி இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச குடிகாரங்க, நிறுத்துனவங்க, நிறுத்தப் போறேன்னு பத்து வருஷமா சொல்லிட்டு இருக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லி ஒரு மாசத்துல 11 டப்பா வித்தேன்.

என் வீட்டுக்காரம்மாவோட தம்பி ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி வாத்தியார். தீபாவளிக்கு வந்தவன் இந்தக் கதையெல்லாம் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான், "மாமா, பவுடர் போடாம வெறும் மோர் மட்டும் குடிச்சுப் பாத்தீங்களா?"

பாக்கல. தோணவே இல்ல. 5 மணிக்கு வயித்துக்குள்ள ஒரு சொம்பு மோர் போறதே எனக்குப் புதுசு, அதுவரைக்கும் மதியம் காலி வயிறு, சாயங்காலம் டீயும் பீடியும்தான்.

மச்சான் விடல. 56 பொட்டலம் மடிச்சான், ஒவ்வொண்ணுலயும் 5 கிராம், பாதில குளூட்டமின், பாதில கார்ன்ஃபிளவர், ரெண்டுமே வெள்ள, ரெண்டுமே மோர்ல போட்டா சரியா கரையாம அடில தங்கும். சீட்டு குலுக்கிப் போட்டு 4 வாரம் அது, 4 வாரம் இதுன்னு பிரிச்சு, எந்த வாரம் எதுங்கற பேப்பர ஒட்டி அவன் பீரோவுல வெச்சுக்கிட்டான். நான் தெனம் ராத்திரி 8 மணிக்கு பழைய ஸ்டாக் நோட்டுல, இன்னைக்கு அந்த நமநமப்பு பத்துக்கு எத்தனைன்னு எழுதணும், மதியம் சாப்பிட்டேனா, தூங்குனேனா, யார்கூடயாவது சண்டையான்னும் எழுதணும். 8 வாரம் கழிச்சு கவர பிரிச்சோம். பவுடர் வாரங்களோட சராசரி 4.1. கார்ன்ஃபிளவர் 3.9. மாவு ஒரு மயிரிழைல ஜெயிச்சுடுச்சு.

இது ஆராய்ச்சி இல்லன்னு எனக்கும் தெரியும். ஒரே ஆளு, 8 வாரம், ரெண்டு மூணு தடவ பல்லுல பட்ட நறநறப்ப வெச்சு இது மாவுன்னு கண்டுபிடிச்சுட்டேன்னும் நினைக்கிறேன். ஆனா நோட்டுல வேற ஒண்ணு கெடந்துச்சு. 7க்கு மேல மார்க் போட்ட நாள் மொத்தம் 9, அதுல 7 நாள் கடைப்பையன் லீவு போட்டு நான் மதியம் சாப்பிடாம நின்ன நாள். பசியா, தனியா நின்ன டென்ஷனா, எதுன்னு பிரிச்சு சொல்ல எனக்குத் தெரியல, அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க.

சிரிப்பு அதோட முடிஞ்சுது. அப்பறமா உக்காந்து படிக்கறப்பதான் தெரிஞ்சுது, குளூட்டமின் உடம்புல உடையறப்ப அம்மோனியா வரும், நல்ல லிவர்னா அத யூரியாவா மாத்தி வெளிய தள்ளிடும், சுருங்கிப்போன லிவரா இருந்தா அம்மோனியா ரத்தத்துல ஏறி மூளை வரைக்கும் போயி ஆளுக்கு நெனப்பு தடுமாறும். லிவர் டாக்டருங்க குளூட்டமின் குடுத்துட்டு அம்மோனியா எவ்வளவு ஏறுதுன்னு பாக்கற ஒரு டெஸ்ட்டே இருந்திருக்கு. நான் வித்த 11 டப்பால ஒண்ணு ஒரு பெயின்டருக்கு. கண்ணு மஞ்சளா இருக்கும், கை குச்சி, வயிறு மட்டும் உப்பியிருக்கும். அத விக்கறப்ப என் கண்ணுக்கு அந்த மஞ்சள் தெரியல பாருங்க. வண்டிய எடுத்துக்கிட்டு அவரு வீட்டுக்கு ஓடி, காச நீட்டி டப்பாவ குடுங்கண்ணேன்னு கேட்டா அவரு விடமாட்டேங்கறாரு, "நல்லா இருக்கு தம்பி, எதுக்குத் திருப்பிக் கேக்கற"ன்னு. முக்காவாசி காலி ஆயிருந்துச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகல, அந்த நிம்மதிலதான் இத வெளிய சொல்றேன்.

சத்துப் பொருள்தானே, வேலை செய்யலன்னாலும் கெடுதல் இல்லன்னு சொல்றவங்க இதையும் படிச்சுக்குங்க.

இந்த குளூட்டமின் கதை எவ்வளவு பழசுன்னு பாத்தா எரிச்சல்தான் வருது. 1955ல டெக்சாஸ் யுனிவர்சிட்டில ரோஜர் வில்லியம்ஸ்னு ஒரு பெரிய பயோகெமிஸ்ட், பான்டோதெனிக் ஆசிட்னு ஒரு வைட்டமினக் கண்டுபிடிச்சவரு, அவரோட லேப்ல எலிங்களுக்கு குளூட்டமின் குடுத்தா அதுங்க தானா குடிக்கற சாராயம் கொறையுதுன்னு பாத்தாங்க. 1957ல மனுஷங்கள வெச்சு ஒரு சின்ன முதல்கட்ட அறிக்கை வந்துச்சு. இன்னைக்கும் டப்பா விக்கறவன் அந்த எலியத்தான் காட்டுறான். 70 வருஷம் ஆச்சு, எலிக்குப் பேரன் பேத்தி எடுத்து எத்தனையாவது தலைமுறையோ.

அடுத்தது பி3, அதாவது நியாசின். குடிய விடறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா நிக்கற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ அமைப்ப ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் பில் வில்சன், அவருக்கு 1960கள்ல டாக்டர் ஆப்ரம் ஹாஃபர் மூலமா நியாசின் மேல பெரிய நம்பிக்கை வந்து, தானும் சாப்பிட்டு ஏஏ நண்பர்களுக்கும் குடுத்து, பாதிக்கு மேல பேரு நல்லா இருக்குன்னாங்கன்னு டாக்டருங்களுக்கெல்லாம் எழுதி அனுப்புனாரு. நல்ல மனுஷன், மனசாரத்தான் செஞ்சிருப்பாரு. ஆனா அவருக்கும் ஒரு மச்சான் இருந்து, வெறும் மாவு குடுத்துப் பாத்தீங்களான்னு கேட்டிருக்கணும். எங்க பேரச் சொல்லி இத பரப்ப வேணாம்னு ஏஏ அமைப்பே ஒதுங்கிடுச்சு. பெரிய டோஸ் நியாசின் லிவரத் தாக்கும்ங்கறது தனிக்கதை, அதுவும் குடிச்சுக் கெட்ட லிவர.

ஒழுங்கா சோதிச்சவங்களும் இருக்காங்க. குட்ஸுன்னு ஒரு கொடி, சீன வைத்தியத்துல அதோட கிழங்க குடிக்குக் குடுப்பாங்க. அமெரிக்கால மெக்லீன் ஆஸ்பத்திரில ஸ்காட் லூகஸ் குழு 2005ல ஒரு வேலை பண்ணாங்க, லேப்புக்குள்ளயே டிவி, சோஃபா, ஃபிரிட்ஜ் நெறைய பீர்னு ஒரு வீடு மாதிரி செட் பண்ணி, கிளாஸ் வெக்கற டேபிளுக்குள்ள தராசு ஒளிச்சு வெச்சு, ஒவ்வொரு மடக்குக்கும் எவ்வளவு கொறையுதுன்னு எடை போட்டாங்க. 14 பேரு, ஒரு வாரம் குட்ஸு, ஒரு வாரம் டம்மி, அதாவது உள்ள மருந்தே இல்லாத மாத்திரை. குட்ஸு எடுத்தப்ப பீர் பாதி அளவுக்குக் கொறஞ்சுது, மடக்கும் சின்னதாச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே, 2000ல, 38 நோயாளிங்கள வெச்சு வேற ஒரு குழு நடத்துன சோதனைல குட்ஸுவுக்கும் டம்மிக்கும் வித்தியாசமே தெரியல. இதுல எத நம்பறதுன்னு முடிவு பண்ண இன்னும் பெருசா ஒண்ணு வேணும். விக்கறவன் 2005ஐ மட்டும்தான் போஸ்டர் அடிப்பான், 2000 அவன் கண்ணுக்குத் தெரியாது.

என்ஏசிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, பாராசிட்டமால் அதிகமா முழுங்குனவங்களக் காப்பாத்தற மருந்து, என் கடைல சளிக்குக் குடுக்கற ஆரஞ்சு ருசி கரையற மாத்திரை. கஞ்சா பழக்கத்துக்காக நடந்த ஒரு அமெரிக்க சோதனைய 2018ல திரும்ப அலசிப் பாத்தப்ப, என்ஏசி எடுத்தவங்க குடிச்சதும் கொறஞ்சிருந்துச்சுன்னு வந்துச்சு. வேற எதையோ தேடப் போயி கண்ல பட்ட தடம் அது, பின்னாடியே போயிப் பாக்கலாம், அத வெச்சுக் கடைல விக்க முடியாது.

எனக்கு ரொம்பப் புடிச்ச சோதனை இதுல எதுவுமே இல்ல. 2006ல வந்த கம்பைன்னு ஒண்ணு, 1,383 பேரு. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், கவுன்சிலிங்னு மாத்தி மாத்தி குடுத்துப் பாத்தாங்க. அதுல டம்மி மாத்திரையும், டாக்டரோ நர்ஸோ அப்பப்ப உக்காரவெச்சு எப்படி இருக்கீங்கன்னு கேக்கறதும் மட்டும் கெடச்சவங்க, மாத்திரையே இல்லாம வெறும் கவுன்சிலிங் மட்டும் போனவங்கள விட அதிக நாள் குடிக்காம இருந்தாங்க. டம்மிங்க, உள்ள ஒண்ணுமே இல்ல. என் கார்ன்ஃபிளவர் 3.9 எடுத்தது ஏன்னு அப்பதான் புரிஞ்சுது, தெனம் ராத்திரி நோட்டுல எழுதணும், மச்சான் ஃபோன் பண்ணி எழுதுனீங்களா மாமான்னு கேப்பான், அதுவே பாதி மருந்து. இதனாலதான் இந்த விஷயத்துல டம்மி இல்லாத சோதனைய வெச்சு எவன் எது சொன்னாலும் நம்பக்கூடாதுங்கறேன், நான் சொன்னதையும் சேத்துதான்.

இன்னொண்ண இங்க பிரிச்சு சொல்லிடறேன், கடைல தெனம் இது ரெண்டும் குழம்புது. பி1, அதாவது தயமின், குடிக்கறவங்களுக்குக் கண்டிப்பா வேணும், அதுல சந்தேகமே கிடையாது. சாராயம் அத குடல்ல ஏறவிடாது, சாப்பாடும் சரியா இல்ல, உடம்புல இருப்பு சில வாரத்துல தீந்துடும், அப்பறம் கண்ணு அலையும், நடை தள்ளாடும், ஞாபகமே அழிஞ்சு போகும். போதைல இருக்கான்னு நெனச்சு விட்டுடுவாங்க. இதுல நம்ம ஊர்ல டயர்டா இருக்குன்னு போனா மொதல்ல ஒரு குளுக்கோஸ் பாட்டில்தான் ஏத்தறது, பி1 ஊசி போடாம குளுக்கோஸ் ஏத்துனா இருக்கறதும் செலவாகி நெலமை மோசமாகலாம். அது மூளையக் காப்பாத்தற வைட்டமின். குடி ஆசையக் கொறைக்குமாங்கறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு பதில் இருக்கு, ரெண்டாவதுக்கு இல்ல, ஆனா ரெண்டுக்கும் ஒரே ஸ்ட்ரிப்பத்தான் கைல குடுத்து அனுப்பறோம்.

இப்ப ஐசிஎம்ஆர் பெரியவங்களே, நேரா உங்ககிட்ட வர்றேன்.

உங்களுக்கு இது புதுசு இல்ல. சேத்துப்பட்டுல இருக்கற உங்க காசநோய் நிறுவனம் 1956ல ஆரம்பிச்சப்ப, டிபின்னா சானடோரியத்துல படுத்து நல்ல சாப்பாடு, நல்ல காத்து, ஓய்வுன்னு உலகமே நம்புச்சு. மெட்ராஸ் குடிசைல இருக்கறவங்கள அவங்க வீட்லயே வெச்சு மாத்திரை குடுத்து, சானடோரியத்தோட ஒப்பிட்டுப் பாத்து, வீட்டு சிகிச்சையும் அதே அளவுக்கு நல்லதுதான்னு 1959ல காட்டுனீங்க, உலகம் சானடோரியத்த மூடுச்சு. அப்பறம் 2023ல ஜார்க்கண்ட்ல நடந்த ரேஷன்ஸ் சோதனை, டிபி நோயாளி வீட்ல இருக்கற 10,345 பேர வெச்சு, ஒரு பக்கத்துக்கு மாசாமாசம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை குடுத்தா புதுசா டிபி வர்றது 39 சதவீதம் கொறையுதுன்னு நிரூபிச்சீங்க. முதல் தடவை, மருந்து ஒழுங்கா இருந்தா சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லன்னு விடை வந்துச்சு. ரெண்டாவது தடவை, சாப்பாடுதான் காப்பாத்துதுன்னு விடை வந்துச்சு. ரெண்டையும் ஊகிச்சு சொல்லல, எடை போட்டு சொன்னீங்க. அரிசி பருப்ப வெச்சு டிபிக்கு சோதனை நடத்த முடிஞ்ச உங்களால, மோரையும் பவுடரையும் வெச்சு குடிக்கு நடத்த முடியாதா?

கம்பெனிக்காரன் நடத்த மாட்டான், அது அவன் தப்பும் இல்ல. அகாம்ப்ரோசேட்டும் டாரின்ங்கற அமினோ ஆசிட்டுக்கு சொந்தக்கார மூலக்கூறுதான், ஆனா அது மருந்தா வந்துச்சு, காசு வரும்னு தெரிஞ்சுது, ஆயிரக்கணக்கான பேர வெச்சு சோதிச்சாங்க. குளூட்டமினுக்கு எவன் பேட்டன்ட் வாங்க முடியும்? சோதிக்காமலே விக்குது, அவன் எதுக்குச் செலவு பண்ணி இல்லைன்னு ஒரு விடைய வாங்கிக்கணும்?

அதனால தமிழ்நாடு அரசுகிட்ட கேக்கறேன். 2023-24ல டாஸ்மாக்ல இருந்து வந்த வருமானம் 45,000 கோடிக்கு மேல. அதுல சிந்தற சில்லறை போதும். மாவட்ட அரசு ஆஸ்பத்திரி போதை மீட்பு வார்டுகள்ல, வழக்கமான சிகிச்சைய யாருக்கும் நிறுத்தாம, அதுக்கு மேல ஒரு கூட்டத்துக்கு குளூட்டமின், ஒரு கூட்டத்துக்கு என்ஏசி, ஒரு கூட்டத்துக்கு என் மச்சானோட மாவு, இன்னொரு கூட்டத்துக்கு தெனம் மதிய சாப்பாடும் 5 மணிக்கு ஒரு கப் சுண்டலும். சுண்டல ரகசியமா குடுக்க முடியாது, அது எனக்கும் தெரியும், ஆனா ஜெயிச்சா அதுதான் எல்லாத்தையும் விட சீப். லிவர் டெஸ்ட் எடுக்காம யாரையும் குளூட்டமின் கூட்டத்துல சேக்காதீங்க, பெயின்டர் அண்ணன் மாதிரி ஒருத்தர் நுழைஞ்சுடக்கூடாது. பொம்பளைங்களையும் சேருங்க, குடிக்கற பொம்பளைங்க நம்ம ஊர்ல இல்லாத மாதிரியே எல்லாரும் நடிக்கறோம், என் கடைக்கு வர்றாங்க. 2 மாசத்தோட கணக்க மூடாம ஒரு வருஷம் பின்னாடியே போங்க, ரெண்டு மாசம் குடிக்காம இருக்கறது எனக்கு ஒரு காலத்துல வருஷா வருஷம் நடக்கற திருவிழா.

2007ல நீங்களே ஆரம்பிச்ச சிடிஆர்ஐங்கற மருத்துவ சோதனைப் பதிவேட்டுல மொதல்லயே பதிஞ்சுட்டு ஆரம்பிங்க, அப்பத்தான் முடிவு புடிக்கலன்னு யாரும் அமுக்க முடியாது. முடிவு இல்லைன்னு வந்தாலும் அத தமிழ்ல ஒரு பக்கம் அடிச்சு எல்லா மெடிக்கல்லயும் ஒட்டச் சொல்லுங்க, முதல் ஆளா நான் ஒட்டறேன், ஜிம் டப்பா அடுக்கி வெச்சிருக்கற கண்ணாடி மேலயே. அதுக்கெல்லாம் நாளாகும்னா, வார்டுலேருந்து வீட்டுக்கு அனுப்பறப்ப பி1 மாத்திரை ஒரு மாசத்துக்குக் கைல குடுத்து அனுப்பறத மட்டுமாவது எல்லா எடத்துலயும் இப்பவே கட்டாயமாக்குங்க, அதுக்குச் சோதனையே தேவையில்ல. சத்துப் பொருள்னு லைசென்ஸ் வாங்கிட்டு நோயக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதி இருக்கு, அத எடுத்து தூசி தட்டுங்க.

இத படிக்கற யாராவது, சரி நானே பவுடர் வாங்கி நாளையிலேருந்து குடிய நிறுத்திடறேன்னு கெளம்பிடாதீங்க, பல வருஷம் தெனம் குடிச்ச உடம்புக்குத் திடீர்னு நிறுத்துனா ஃபிட்ஸ் வரலாம், டாக்டர்கிட்ட போயி நிறுத்துங்க.

அந்த அக்காவோட 1,850 ரூபா டப்பா என் மேஜை டிராயர்லயே இருக்கு, உள்ள என்ன இருக்குன்னு பாத்து சொல்ற எடம் எதுன்னு சொன்னீங்கன்னா நானே பஸ் ஏறி வந்து குடுக்கறேன். அவங்க நேத்து வந்தாங்க, பி1 ஒரு ஸ்ட்ரிப் வாங்குனாங்க, அத சத்து மாத்திரைன்னு சொல்லியே குடுக்கறாங்களாம், அவரும் சாப்பிடறாராம், குடியும் அப்படியேதான் இருக்காம். சில்லறைய எண்ணிக் குடுத்துட்டு, "பெரிய எடத்துக்கு எழுதறேன்னீங்களே தம்பி, எழுதிட்டீங்களா"ன்னு கேட்டாங்க.

இன்னைக்கு ராத்திரி எழுதிடறேன்க்கான்னு சொன்னேன். எழுதிட்டேன்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்ல மெடிக்கல் ஷாப்காரன்